வரவு: சங்கிலி ஒன்று

பதினோரு வருடமாக நான்தான் பொருளாளர்.
திறமை என்று யாரும் சொல்லிவிடவில்லை.
அந்தக் கூட்டத்தில் மற்ற எல்லோரும்
கைகளை மேசைக்கடியில் வைத்திருந்தார்கள்.

யார்ராடின் ஓடை நிதி. போன வாரக் கையிருப்பு
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர், எண்பது சென்ட்.
ரொட்டிக்கடை உண்டியலில் நாற்பத்தொன்று;
அதில் ஒன்று நியூசிலாந்துக் காசு, செல்லாது.
கால்பந்து கிளப் தொத்திறைச்சி சுட்டு விற்றது இருநூற்றறுபது.
விழுந்த பல்லுக்குக் கிடைத்த இரண்டு டாலரை
பல்லோடு சேர்த்தே உறையில் போட்டிருந்தான் ஒரு பையன்.
பல்லை வரவு வைக்க
என் புத்தகத்தில் கட்டம் இல்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறவர்கள்
மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைக் காட்டுக்கு
ஒருமுறை வந்து போகட்டும்.
மரங்கள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்
குடிக்க ஆளில்லாமல்
கீழிருந்து ஏறி வருகிறது
உப்பைத் தூக்கிக்கொண்டு.
பள்ளத்து வயலில் வருடத்துக்கு ஒரு டென்னிஸ் மைதானம்
வெளுக்கிறது.
வேலிக்கம்பங்கள் முழங்கால்வரை அரித்து நிற்கின்றன.

மே மாதக் கூட்டத்துக்கு ராய்ஸ்டன் கீபிள் வந்தார்.
எண்பத்தைந்து வயது. தொப்பியைக் கழற்றவில்லை.
இரண்டு புல்டோசர், நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலி,
ஒரு பகலுக்கு இருநூறு ஏக்கர் காடு.
அறுபதுகளில் அவர் இழுத்துப் போட்ட வெளிதான்
எங்கள் எல்லோருடைய பண்ணையும்.
என் அப்பா அவருக்கு எழுதிய காசோலையின் அடிக்கட்டை
இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

"கொட்டகைக்குப் பின்னால் கிடக்கிறது சங்கிலி.
பழைய இரும்புக்காரன் டன்னுக்கு இருநூற்றிருபது தருவான்.
எடுத்துக்கொள்ளுங்கள்."
உட்காரவில்லை. போய்விட்டார்.

நன்கொடைப் பலகையில் அவர் பெயரைப் போடுவதா என்று
நாற்பது நிமிடம் பேசினோம்.
போட வேண்டும், இந்த வருடத்தின் பெரிய தொகை.
போடக்கூடாது, அழித்ததே அவர்தான்.
"அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது யார்?"
யாரோ கேட்டார்கள். நானாகவும் இருக்கலாம்.
கெண்டியில் தண்ணீர் கொதித்து அடங்கியது.
நோலீன் இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

டெலிஸ் தன் விலைப்பட்டியலை நீட்டினாள்:
சவுக்கு விதை இரண்டு கிலோ,
உப்புப்புதர் நாற்று மூவாயிரம்.
அவள் நூங்கார் சனம்.
ஓடைக்கு அவர்கள் வைத்த பெயர்
எங்கள் வரைபடத்தில் இல்லை.
"எந்தப் பெயரையாவது போடுங்கள்,
நாற்று வெயிலில் நிற்கிறது."

ஒன்பது டன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
லாரிக் கூலி முந்நூற்று நாற்பது போக
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

நட்ட அன்று ராய்ஸ்டன் வண்டியை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடி ஏற்றியிருந்தது.
பக்கத்து இருக்கையில் நாய் மட்டும்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூவாயிரத்தில் ஆயிரத்து நூறு செத்தது.
கங்காரு தின்றது கொஞ்சம், காய்ந்தது கொஞ்சம்,
அறுநூறு நாங்களே தப்பான சரிவில் நட்டது.

அளவுக் குழாயில் தண்ணீர்
போன வருடம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில்.
இந்த வருடம் ஒன்றரை.
ஒரு சாண் இறங்கியிருக்கிறது.
செடியாலா, மழை பொய்த்ததாலா, தெரியாது.
ஆண்டறிக்கையில் 'தெரியாது' என்று போட்டால்
அரசு மானியம் வராது என்கிறாள் நோலீன்.
போட்டேன்.

ராய்ஸ்டன் ரசீது கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன்:
வரவு, சங்கிலி ஒன்று.
கார்பன் தாளுக்கு அடியில் என்னிடம் ஒரு நகல்.

அன்றிரவு அப்பாவின் அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தேன்.
பவுண்டில் இருந்தது. டாலராக்கிப் பார்த்தேன்.
என் பெயரில் வரவு வைக்கக் கை வரவில்லை.
மாதம் ஐம்பதாக
ரொட்டிக்கடை உண்டியல் கணக்கில் சேர்த்து வருகிறேன்.

தணிக்கையாளர் ஒன்றும் கேட்கவில்லை.
ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் சந்தேகம்:
தன் கடைக்கு அத்தனை பேர்
வருவதே இல்லையே என்று.